வரைபடத்திலேயே வாட்டர் ஹீட்டருக்கு இடம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கட்டில் எந்தப் பக்கம் என்பது வரை யோசித்து வீடு கட்டுகிறவர்கள், வாட்டர் ஹீட்டரை மட்டும் டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகு மிச்சமிருக்கும் மூலையில் மாட்டச் சொல்கிறார்கள். உள்விட்டம் 15 மி.மீ. உள்ள பைப் 20 மீட்டர் ஓடினால் அதற்குள் சுமார் 3.5 லிட்டர் தண்ணீர் ஆறிப்போய் நிற்கும், அதைக் கொட்டிய பிறகுதான் சுடுநீர் வரும், மின்சாரமும் தண்டம். குளியலறையும் சமையலறையும் ஒரே சுவரைப் பகிர்ந்தால் பாதித் தொல்லை இல்லை. 25 லிட்டர் தொட்டியில் தண்ணீரே 25 கிலோ, சுவர் தாங்க வேண்டாமா? அப்புறம், பழுது பார்ப்பவர் கை நுழைய இடமும், பாதுகாப்பு வால்வு கக்கும் நீருக்கு வடிகாலும் விடுங்கள். கேஸ் ஹீட்டரைக் காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் வைக்கவே கூடாது. கேஸ் எரியும்போது உண்டாகக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொன்றுவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்