மகரக்கட்டு

அன்புள்ள மூர்த்திக்கு,

தீபாவளி வாழ்த்துக்குப் பொங்கல் கழித்துப் பதில் எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி, எனக்குச் சர்க்கரை, ஸ்கூட்டருக்கு வயசு. உன் மகளுக்கு வரன் பார்ப்பதாகக் கேள்வி. ஜாதகத்தோடு சேர்த்துப் பையனின் பாட்டு ரசனையையும் விசாரி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தங்கச்சி மகன் ஒரு சேனலின் பாட்டுப் போட்டிக்குத் தேர்வாகிவிட்டான். 13 வயசு. வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது, போன புதன்கிழமை வரை. அன்று மேல் ஸ்தாயியில் நின்று இழுக்கும்போது குரல் கீச்சென்று உடைந்து கீழே விழுந்தது. அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். தங்கச்சி அடுப்படிக்குப் போய் அழுதாள். அன்றிலிருந்து சித்தரத்தை, மிளகுப்பால், தேன், ஒரு டாக்டர் விடாமல் எல்லாம் நடக்கிறது. வளர்கிற வயசில் மகரக்கட்டு உடைந்து ஆண்குரல் வருகிற பையனுக்கு மிளகுப்பால் என்ன செய்யும், சொல்!

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. உன் காதலி ஞாபகத்துக்கு வந்தாள். அந்த 90 நிமிட கேசட், பி பக்கம், மூன்றாவது பாட்டு. அந்தக் குரல் பெண்ணுடையது இல்லை, ஒரு பையனுடையது என்று தெரிந்த அன்று நீ இரண்டு வேளை சாப்பிடவில்லை. ‘ஒய் டூ ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்’. போட்டுக் கேட்டேன். முதலில் அடிக்குரல்காரன் தும்தும் என்று இறங்குவான், பிறகு அவன் வருவான். அந்த இடத்தில் இன்னமும் புல்லரிக்கிறது. அப்புறம் அவன் கதையைத் தேடி விடிய விடியப் படித்தேன். நாம் கேட்டதோடு சரி, ஆளைப் பற்றி எதுவும் விசாரிக்கவே இல்லையே.

ஃபிராங்கி லைமன். 1942இல் பிறந்தவன், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதி. மளிகைக் கடையில் எடுபிடி வேலை பார்த்த பையன். பள்ளிக்கூடத்து அண்ணன்கள் நாலு பேர் தெருமுனையிலும் படிக்கட்டிலும் நின்று பாடுவார்கள்: ஹெர்மன் சாண்டியாகோ, ஜிம்மி மெர்ச்சன்ட், ஜோ நெக்ரோனி, ஷெர்மன் கார்ன்ஸ். இரண்டு பேர் கறுப்பர்கள், இரண்டு பேர் போர்ட்டோரிக்கோ வீட்டுப் பிள்ளைகள். இவன் போய் ஒட்டிக்கொண்டான். அந்தப் பாட்டு பிறந்ததே பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கொடுத்த பழைய காதல் கடிதங்களிலிருந்து என்கிறார்கள். ஜார்ஜ் கோல்ட்னர் என்ற இசைத்தட்டு முதலாளி முன்னால் பாடிக் காட்டப் போனபோது, முன்குரல் பாட வேண்டிய சாண்டியாகோவுக்குத் தொண்டை சரியில்லை, சின்னவனை விட்டுப் பாடச் சொன்னார்கள் என்றும் ஒரு கதை.

1956 ஜனவரியில் தட்டு வந்தது. அவனுக்கு 13 வயசு. அமெரிக்காவில் 6ஆம் இடம், இங்கிலாந்தில் முதல் இடம். அடுத்த வருஷம் லண்டன் பலேடியம் மேடை. நம்ம பயல் வயசில், மூர்த்தி! நாம் அந்த வயசில் சைக்கிளுக்குக் காற்றடிக்கக் காசில்லாமல் தள்ளிக்கொண்டு திரிந்தோம்.

இறக்கமும் அதே வேகம். 1957இல் குழுவிலிருந்து பிரித்துத் தனியாகப் பாடவைத்தார்கள். அதே வருஷம் ஆலன் ஃப்ரீட் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணோடு இரண்டு எட்டு ஆடிவிட்டான். கறுப்புப் பையன் வெள்ளைக்காரியோடு ஆடுவதா என்று தென் மாநில நிலையங்கள் குதித்த குதியில் நிகழ்ச்சியையே மூடிவிட்டார்கள். அப்புறம் குரல் உடைந்தது. தனியாகப் பாடிய எதுவும் அந்த உயரத்தை எட்டவில்லை. ஹெராயின் பழக்கம் அதற்கு முன்பே தொற்றியிருந்தது. விட்டான், பிடித்தான், விட்டான். பட்டாளத்தில் சேர்க்கப்பட்டான், ஜார்ஜியாவில் ஒரு டீச்சரைக் கல்யாணம் செய்தான், மறுபடி பாட வேண்டும் என்று நியூயார்க் திரும்பினான். 1968 பிப்ரவரி 27. பாட்டி வீட்டுக் குளியலறையில் செத்துக் கிடந்தான். ஹெராயின்தான். 25 வயசு.

எனக்கு வயிறு எரிந்தது அதற்குப் பிறகு நடந்ததைப் படித்துத்தான். பாட்டு எழுதியவர் என்று லைமன் பெயரோடு முதலாளி கோல்ட்னர் பெயர். அந்த ஆளுக்குக் குதிரைப் பந்தயக் கடன். கம்பெனி மாரிஸ் லெவி என்ற இன்னொரு இசைத்தட்டு முதலாளி கைக்குப் போனது. பாட்டு எழுதியவர் இடத்தில் பிறகு லெவி பெயரும் வந்து உட்கார்ந்தது. கூடப் பாடிய பையன்களுக்கு நாமம். 1981இல் பாடகி டயானா ராஸ் அதைப் பாடிக் காசு கொட்டியதும், நான்தான் மனைவி என்று மூன்று பெண்கள் கோர்ட்டுக்கு வந்தார்கள். கடைசியில் 1990இல் டீச்சரம்மா ஜெயித்தார். 1992இல் சாண்டியாகோவும் மெர்ச்சன்டும் பாட்டில் தங்களுக்கும் பங்குண்டு என்று நிரூபித்தார்கள். 1996இல் மேல்கோர்ட் என்ன சொன்னது தெரியுமா? மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட்டிருக்க வேண்டும், காலம் கடந்துவிட்டது. பள்ளிக்கூடப் பையன்கள் வக்கீல் வைத்திருக்க வேண்டுமாம்.

நம்ம ஊரில் பையன்களை வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனியில் குரல் உடைந்த பையனுக்கு என்ன கதி என்று தாத்தா சொல்வாரே, பெட்டி தூக்க அனுப்புவார்கள் என்று. அது தேவலை போலிருக்கிறது. பெட்டி தூக்கினாலும் சோறு உண்டு, கூட ஆள் உண்டு.

தங்கச்சி அந்த முதலாளிகள் மாதிரி இல்லை, தெரியும். ஆனால் நேற்று ராத்திரி அவன் என்னிடம் வந்து, “மாமா, நான் பாடாட்டி அம்மா பேசமாட்டாங்களா?” என்றான். பதில் சொல்லாமல் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தேன். தொண்டைக்கு ஆகாது என்று அதற்கும் எனக்குத் திட்டு.

ஆகவே ஐயா, ஒரு உதவி. நான் சொன்னால் அவள் காதில் ஏறாது. நீ சின்ன வயசிலிருந்தே அவளுக்கு நல்லவன், கடவுளுக்கே வெளிச்சம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் போன் செய். ஒரு வருஷம் அவனைச் சும்மா விடு, கிரிக்கெட் ஆடட்டும் என்று சொல். லைமன் கதையைச் சொல்லிவிடாதே, பயந்துவிடுவாள்.

கேசட் என்னிடம்தான் இருக்கிறது. இதுவரை இல்லை என்று சொன்னது பொய். பயல் நேற்றுக் கேட்டுவிட்டு, “இந்தப் பொண்ணு நல்லாப் பாடுது மாமா” என்றான்.

அன்புடன்,
உன் பழைய கடன்காரன்