கேம்டன் கால்வாய்க் கரையிலிருந்து

லண்டன்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

கால்வாயில் படகு எப்படி மேடு ஏறும் என்று கேட்டீர்கள். போனில் சொல்லி விளங்க வைக்க முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். நான் வேலைக்கு நடந்து போவது ரீஜண்ட் கால்வாய்க் கரையில்தான். 1820-இல் முழுதாகத் திறந்தது. பேடிங்டன் பக்கம் தொடங்கி லைம்ஹவுஸில் தேம்ஸைத் தொடும்வரை சுமார் 14 கிலோமீட்டர், அதற்குள் 26 மீட்டர் இறக்கம். அதைச் சமாளிக்க 12 லாக்.

லாக் என்பது செங்கல் தொட்டி, முன்னும் பின்னும் மதகு. அவ்வளவுதான். கீழிருந்து வரும் படகு உள்ளே நுழைந்ததும் பின்கதவைச் சாத்துகிறார்கள். அப்புறம் மேல்மடைப் பலகையைக் கைப்பிடி போட்டுச் சுற்றித் தூக்கினால் தண்ணீர் பாயும், படகு மெல்ல உயரும். அதுவரை எவ்வளவு தள்ளினாலும் அசையாத முன்கதவு, இரண்டு பக்கமும் மட்டம் ஒன்றானதும் இளகிக் கொடுக்கும். மோட்டாரும் இல்லை, பம்பும் இல்லை. ஒவ்வொரு மதகிலும் இரட்டைக் கதவுகள் மேல்நீரைப் பார்த்துக் கூம்பி நிற்பதால் தண்ணீரே அவற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. உங்களை நினைத்துக்கொண்டேன் அப்பா. நம் வாய்க்கால் மடையில் நிற்பதுபோல் நீங்கள் இதை நின்று பார்த்தால் நகரவே மாட்டீர்கள்.

ஒருநாள் கேம்டன் லாக்கில் ஒரு பாட்டி தனியாகக் கதவோடு திணறிக்கொண்டிருந்தார். நானும் போய் அந்தப் பெரிய மரத்தண்டில் முதுகு கொடுத்துத் தள்ளினேன். அவருக்குப் படகுதான் வீடு. ஏழடி அகலத்துக்குள் விறகடுப்பு, கட்டில், அலமாரி. கூரைமேல் நிலக்கரி மூட்டையும் செடித்தொட்டியும். படகைக் கட்டிவைக்கச் சொந்த இடம் இல்லாததால் 14 நாளைக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது. குழாய் உள்ள கரையில் நிறுத்திப் படகின் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொள்ள வேண்டும். ஒரு சொம்புத் தண்ணீரைக்கூட அவர் வீணாக்கிப் பார்த்ததில்லை.

மிருகக்காட்சிசாலையைத் தாண்டினால் மேக்கிள்ஸ்ஃபீல்டு பாலம். 1874-இல் வெடிமருந்து ஏற்றிவந்த படகு அதனடியில் வெடித்து மூன்று பேர் இறந்தார்கள், பாலமும் தகர்ந்தது. திரும்பக் கட்டும்போது பழைய இரும்புத் தூண்களையே திருப்பி நிறுத்தினார்கள். அந்தக் காலத்தில் கரையில் நடந்த குதிரைதான் படகை இழுக்கும். கயிறு உரசி உரசி இரும்பில் பள்ளம் விழுந்திருக்கிறது. தூணைத் திருப்பி வைத்ததால் வெடிப்புக்கு முன் விழுந்த தடம் ஒரு பக்கம், பின் விழுந்தது மறுபக்கம். விரல் வைத்துப் பார்த்தேன். நம் கிணற்று விளிம்புக் கல்லில் தாத்தா இறைத்த கயிற்றுத் தடம் இதே ஆழம்தான்.

கிணற்றை மூடித் தளம் போடப் போவதாக அம்மா சொன்னாள். மூடுங்கள், குழந்தைகள் ஓடி விளையாடும் இடம். அந்தக் கல்லை மட்டும் உடைக்கச் சொல்லாதீர்கள் அப்பா. திண்ணையோரம் போட்டு வையுங்கள், நான் வந்து பார்க்கிறேன்.

அன்பு மகள்