‘ஸோயஸ்’ என்று கேட்ட தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு ரிப்போர்ட்டாக டைப் செய்யும் நம் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலையில் ஒரு வார்த்தை புரியாமல், விடியற்காலை நான்கு மணிக்கு நீ அனுப்பிய செய்தியைக் காலையில் காப்பி போடும்போதுதான் பார்த்தேன். "அக்கா, 'ஸோயஸ் சைன் பாசிட்டிவ்' மாதிரி கேக்குது. டிக்‌ஷனரியில எஸ் பகுதி முழுக்கப் புரட்டிட்டேன், அப்படி ஒரு வார்த்தையே இல்ல. பிளாங்க் விட்டா மார்க் போகும். என்ன பண்ண?" என்று கேட்டிருந்தாய். ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அடுத்த வாரம் வேறொரு வார்த்தையோடு இதே இடத்தில் வந்து நிற்பாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. ஆடியோவை அனுப்பாமல், நோயாளி யார் என்று சொல்லாமல், காதில் விழுந்த ஒலியையும் அதைச் சுற்றி இருந்த இரண்டு வரியையும் மட்டும் எழுதியிருந்தாய். ரொம்பச் சரி. அந்தப் பழக்கத்தை எந்த அவசரத்திலும் விட்டுவிடாதே.

அந்த வார்த்தை ஆங்கிலத்தில் 'பி' (P) எழுத்தில் தொடங்குகிறது. பி, எஸ், ஓ, ஏ, எஸ் (psoas). அந்தப் பி-யை யாரும் உச்சரிப்பதில்லை. கீழ் முதுகில் முதுகெலும்பின் பக்கவாட்டில் தொடங்கி, இடுப்பைக் கடந்து தொடை எலும்பில் போய் ஒட்டுகிற தசையின் பெயர் அது. கிரேக்கத்திலிருந்து வந்த வார்த்தைகளில் இந்தத் தொல்லை நிறைய. கண் இமை தொங்குவதை 'டோசிஸ்' என்பார்கள், அதையும் பி-யில்தான் தேட வேண்டும். 'ஸைஃபாய்ட்' என்று கேட்டால் எக்ஸ். 'யூதைராய்ட்' என்று கேட்டால் ஈ. 'கோலி' என்று தொடங்கினால் சி, ஹெச். பிரெஞ்சிலிருந்து வந்தவை இன்னொரு விதம்: இரத்தக் குழாயில் கேட்கும் இரைச்சலை டாக்டர் 'ப்ரூயி' என்பார், எழுதும்போது கடைசியில் சத்தமில்லாமல் ஒரு டி இருக்கும். சேர்ந்த புதிதில் என் நோட்டின் முதல் பக்கத்தில் இந்தப் பட்டியலைத்தான் எழுதி வைத்தேன். இடது பக்கம் காதில் விழுவது, வலது பக்கம் தேட வேண்டிய எழுத்து.

ஆனால் ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு ரொம்ப தூரம் போக முடியாது. நீ எழுதிய இரண்டு வரியைத் திரும்பப் படித்துப் பார். அடிவயிற்றில் வலது பக்கம் வலி, இரண்டு நாளாகக் காய்ச்சல். முந்தின வாக்கியத்தில் மெக்பர்னி என்ற பெயர் வருகிறது. அடுத்ததில் அப்ட்யூரேட்டர் சைன் நெகட்டிவ் என்கிறார். அந்த டாக்டர் அப்பெண்டிக்ஸில், அதாவது குடல்வாலில், வீக்கம் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறார். கண்ணை மூடி அந்த அறையைப் பார். நோயாளியை இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, வலது காலைப் பின்னால் இழுக்கிறார். வீங்கிய அப்பெண்டிக்ஸ் அந்தத் தசையின் மேல் கிடந்தால் வலியில் ஆள் துடித்துப்போவார். அதுதான் ஸோயஸ் சைன். மெக்பர்னி, ராவ்சிங், ஸோயஸ், அப்ட்யூரேட்டர் எல்லாம் அப்பெண்டிக்ஸ் வீக்கத்துக்கு டாக்டர் பார்க்கும் அடையாளங்கள், ஒரே குடும்பம். ஒன்று வந்தால் மற்றவை பக்கத்திலேயே இருக்கும். உனக்குத் தெரிந்த இரண்டு பெயரைப் போட்டுத் தேடியிருந்தால் தெரியாத மூன்றாவது தானாக வந்து நின்றிருக்கும்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், ஒரு நரம்பியல் ரிப்போர்ட்டில் 'பெரினியல் நெர்வ்' என்று எழுதி அனுப்பினேன். டிக்‌ஷனரியில் இருந்தது, ஸ்பெல்லிங்கும் சரி. எடிட்டர் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதித் திருப்பி அனுப்பினார்: "நோயாளிக்கு என்ன பிரச்சினை?" பாதத்தை மேலே தூக்க முடியவில்லை, நடக்கும்போது தரையில் இழுபடுகிறது. அப்படியென்றால் அது முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாக ஓடும் பெரோனியல் நரம்பு. நான் எழுதியதோ இரண்டு தொடைக்கும் நடுவிலுள்ள இடம். அந்தக் கேள்வியை இன்றைக்கும் ஒவ்வொரு ஃபைலிலும் எனக்கு நானே கேட்டுக்கொள்கிறேன்.

சில இடத்தில் அந்தக் கேள்வியும் கைகொடுக்காது. பக்கவாதம் வந்தவருடைய ரிப்போர்ட்டில் 'டிஸ்ஃபேஜியா'வா 'டிஸ்ஃபேஸியா'வா என்று சந்தேகம் வரும். முதலாவது விழுங்க முடியாதது, இரண்டாவது பேச்சு வராதது. பக்கவாதத்தில் இரண்டுமே வரும். அங்கே இன்னும் கீழே போய்ப் பார்க்க வேண்டும். தண்ணீரைக் கெட்டியாக்கிக் கொடுக்கச் சொல்கிறாரா, விழுங்கும் பரிசோதனை எழுதியிருக்கிறாரா? அப்படியென்றால் விழுங்குவது. வார்த்தை கிடைக்காமல் திணறுகிறார் என்று வந்தால் பேச்சு. இரண்டுக்கும் தடயம் இல்லையா, பிளாங்க் விடு. இதில் யூகத்துக்கு இடமே கிடையாது. விழுங்க முடியாதவருக்குச் சாப்பாட்டுத் தட்டை நீட்டினால் சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம்.

'எஃபெப்ரைல்' கதையும் அதே மாதிரிதான். சேர்த்து எழுதினால் காய்ச்சல் இல்லை, முதல் எழுத்தான 'ஏ'-க்கு அப்புறம் ஓர் இடைவெளி விழுந்தால் காய்ச்சல் இருக்கிறது. காது இதைப் பிரித்துச் சொல்லாது. உடல் சூடு, நாடித்துடிப்பு எல்லாம் எழுதும் வைட்டல்ஸ் பகுதியில் டெம்பரேச்சர் 98.6 என்றிருந்தால் அதுவே சொல்லிவிடும்.

மருந்துப் பெயரில் தடுமாறுகிறேன் என்று போன மாதம் அழுதாய். நீ மட்டும் இல்லை. அமெரிக்காவில் லோசெக் என்று ஒரு அசிடிட்டி மாத்திரை வந்தது. அதை நீர் பிரிய வைக்கும் லேசிக்ஸ் என்று எடுத்துக்கொண்டு குழப்பம் நடந்ததால் 1990-இல் பெயரையே ப்ரைலோசெக் என்று மாற்றினார்கள். செலிபிரெக்ஸ் மூட்டு வலிக்கு, செலெக்ஸா மனச்சோர்வுக்கு, செரிபிக்ஸ் வலிப்புக்கு. இந்த மூன்றையும் வேகமாகச் சொல்லும் டாக்டரிடம் எவ்வளவு பழகிய காதும் ஏமாறும். மருந்து கேட்டவுடன் நோய்ப் பட்டியலுக்குப் போ. அந்த நோய் அங்கே இல்லையென்றால் உன் காதை நம்பாதே.

எண்களைப் பற்றித்தான் எனக்கு உண்மையான பயம். அமெரிக்க வாயில் 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' இரண்டும் ஒன்றாகத் தேய்ந்துவிடும், 'கேன்ட்' என்பதில் அந்த ட் காணாமலே போகும். இரத்தப் பரிசோதனை எண்களுக்குச் சில பிடிமானம் உண்டு. ஹெமட்டோக்ரிட், அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற எண், சாதாரணமாக ஹீமோகுளோபினைப் போல மூன்று மடங்கு இருக்கும். ஹீமோகுளோபின் 13 என்றும் ஹெமட்டோக்ரிட் 14 என்றும் கேட்டால் அந்த 14 உண்மையில் 40 ஆக இருக்கலாம், திரும்பக் கேள். மருந்தின் அளவுக்கு அப்படிப் பிடிமானம் எப்போதும் கிடைக்காது.

அலபாமாவில் 2008-இல் நடந்ததை உனக்குச் சொல்லியாக வேண்டும். சர்க்கரை நோயுள்ள ஒரு பெண்மணியை ஆஸ்பத்திரியிலிருந்து வேறொரு மையத்துக்கு அனுப்பினார்கள். டாக்டர் சொன்ன டிஸ்சார்ஜ் சம்மரியை டைப் செய்தது இந்தியாவில். லெவெமிர் இன்சுலின் 8 யூனிட் என்பது 80 யூனிட் ஆகிவிட்டது. அதைப் பார்த்து ஊசி போட்டார்கள். அந்த அம்மா இறந்துபோனார். 2012-இல் ஜூரி 14 கோடி டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. நம்மைப் போல ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்த யாரோ ஒருவர் அடித்த பூஜ்யம் அது. படித்த அன்று இரவு எனக்குக் கை ஓடவில்லை.

அதனால்தான் பிளாங்க் விடுவதை நான் எப்போதும் தாங்கிப் பேசுகிறேன். கேட்டதை நிறுத்தி நாலு தரம் கேள், வேகத்தைக் குறைத்துக் கேள், ஃபைல் முடிந்த பிறகு அந்த இடத்துக்குத் திரும்பி வா. டாக்டர் அதே வார்த்தையைப் பத்து வரி தள்ளித் தெளிவாகச் சொல்லியிருப்பார். அதே டாக்டரின் பழைய ரிப்போர்ட்டைப் பார். அப்படியும் வரவில்லையென்றால் கோடு போட்டு, ஆடியோவில் அது வரும் நேரத்தைக் குறித்து, எப்படிக் கேட்கிறது என்று ஒலியை எழுதி அனுப்பு. 65 எழுத்துக்கு ஒரு லைன் என்று எண்ணிக் காசு தருகிற வேலையில் ஒரு வார்த்தைக்குப் பத்து நிமிஷம் செலவழிப்பது எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். நான் முன்பு வேலை பார்த்த இடத்திலும் பிளாங்குக்கும் தப்புக்கும் ஒரே மார்க் குறைத்தார்கள். அது அநியாயம். அப்படிச் செய்தால் பிள்ளைகள் யூகிக்கத்தான் பழகுவார்கள். உன் டீம் லீடிடம் நிதானமாக இதைப் பேசு, தேவைப்பட்டால் நானும் வந்து பேசுகிறேன்.

இப்போது உனக்கு வருவதெல்லாம் மெஷின் எழுதிய டிராஃப்ட். அதில் 'ஸோ ஆஸ் சைன்' என்று இருந்ததாகச் சொன்னாய். நல்லவேளை, அர்த்தம் இல்லாததால் கண்ணில் பட்டது. மெஷின் பல சமயம் அர்த்தமுள்ள தப்பான வார்த்தையை அழகாக எழுதி வைக்கும். கண் அதைப் படித்ததும் காதும் அதையே கேட்கத் தொடங்கிவிடும். எண், மருந்து, 'நோ', 'நாட்' வரும் இடங்களில் திரையைப் பார்க்காமல் முதலில் ஒலியை மட்டும் கேள்.

சரி, அந்த ஃபைல் இன்னும் கையில் இருந்தால் திருத்தி அனுப்பிவிடு. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. என் பழைய நோட்டை எடுத்து வைத்திருக்கிறேன். பி பக்கம் கிழிந்திருக்கும், மெதுவாகத் திருப்பு.

அன்புடன்,
அக்கா