கட்டடம் வேண்டாம், கூடாரம் போட ஒரு சமதளம் போதும்: ஜவ்வாது மலைக்காக ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்
பெரம்பூர், சென்னை.
(பெயர், முகவரி, தொலைபேசி எண் இணைப்புத் தாளில்)

பெறுநர்
முதன்மைத் தலைமை வனப் பாதுகாவலர் அவர்கள்,
தமிழ்நாடு வனத்துறை, சென்னை.

பொருள்: ஜவ்வாது மலையில் மின்விளக்கும் அறைகளும் இல்லாத, கூடாரம் போட்டு ஓர் இரவு தங்கக்கூடிய சிறிய முகாமிடம் ஒன்றை ஒதுக்கித் தரக் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மா, வணக்கம்.

நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறேன். வீடு பெரம்பூரில், ரயில் பாதையை ஒட்டிய தெரு. பகல் முழுக்க இரும்பு கடையும் சத்தம், ராத்திரி முழுக்க ரயில். இதைக் குறையாகச் சொல்லவில்லை, எங்களுக்குப் பழகிவிட்டது. ஆனால் ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஒருநாள் பால்வெளி படத்தைக் காட்டி, "இது நிஜமாவே கண்ணுக்குத் தெரியுமாப்பா, இல்ல படத்துல மட்டும்தானா?" என்று கேட்டாள். மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனேன். எங்கள் மாடியில் தெரிகிற நட்சத்திரங்களை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். இந்த மனு அங்கே தொடங்கியது.

முதலில் ஒரு மலையில் தனியார் நடத்தும் கூடார முகாமுக்குப் போனோம். பெயர் வேண்டாம், இப்படிப்பட்டவை இப்போது நிறைய. தலைக்கு 1,800 ரூபாய், மூன்று பேருக்கும் பேருந்துச் செலவோடு என் பத்து நாள் கூலி போய்விட்டது. கல்யாண மண்டபத்து ஜமக்காளம் மாதிரி கூடாரங்களை ஒன்றோடொன்று ஒட்டிப் போட்டிருந்தார்கள், பக்கத்துக் கூடாரத்தில் ஒருவர் புரண்டு படுத்தால் எங்கள் கயிறு ஆடும். நடுவில் ஒரு ஃபோகஸ் லைட். ஸ்பீக்கரை நிறுத்தும்போது ராத்திரி ஒரு மணி. காய்ந்த புல்லுக்குப் பத்தடி தள்ளி கேம்ப் ஃபயர் போட்டு, காற்று திரும்பும்போதெல்லாம் பொறி பறந்ததை யாரும் பார்த்ததாகவே தெரியவில்லை. அறுபது பேருக்கு மேல் இருந்த இடத்தில் இரண்டே கழிப்பறை. மகள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்கினாள். நட்சத்திரம்? அந்த ஃபோகஸ் லைட்டைத் தாண்டி ஒன்றும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு, தை அமாவாசையை ஒட்டி, தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கம் போனோம். போளூர் வரை ஒரு பேருந்து, அங்கிருந்து மலைக்கு இன்னொன்று. அந்த மலையில் வாழும் மலையாளி என்ற பழங்குடியைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், சாமை அறுத்துத் தரிசாகக் கிடந்த தன் சொந்த நிலத்தில் ஒரு ராத்திரி கூடாரம் போட்டுக்கொள்ளச் சொன்னார். அடிக்கட்டை குத்தும் என்று விளக்குமாற்றால் அவரே பெருக்கிக் கொடுத்தார். நான் புளியமரத்தடியில் போடப் போனேன். "மரத்தடி வேணாம் சாமி, பட்ட கிளை ராத்திரி காத்துல விழும்" என்று தள்ளிப் போடச் சொன்னார். மண் இறுகிக் கிடந்ததால் ஆணி இறங்கவில்லை, ஒரு கருங்கல்லை எடுத்துச் சாய்வாக வைத்து அடிக்கச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். விடிகாலை கூடாரத்தின் உள்பக்கம் முழுக்க நீர் முத்து கோத்திருந்தது. பனி உள்ளே இறங்கிவிட்டது என்று நினைத்தேன். இல்லை, எங்கள் மூன்று பேர் மூச்சுதான். குளிருக்குப் பயந்து ஜன்னல் வலையை முழுக்க மூடியதால் வந்த வினை.

அந்த ராத்திரி பற்றி அதிகம் சொல்லி உங்கள் நேரத்தை எடுக்கப் போவதில்லை, இரண்டே விஷயம். ஒன்று, இருட்டில் எங்கிருந்தோ டக்... டக்... டக்டக்டக் என்று ஒரு சத்தம், சிமெண்ட் தரையில் பந்து துள்ளித் துள்ளி அடங்குகிற மாதிரி. பயந்துவிட்டோம். அது பக்கிக் குருவி, தரையிலேயே உட்கார்ந்திருக்கும், மிதித்துவிடாதீர்கள் என்றார் பெரியவர். இரண்டு, என் மகள் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தில் ஆறு மீனையும் தனித்தனியாக எண்ணினாள், அப்புறம் தலைக்கு மேல் வெளிறிய புகை மாதிரி ஓடிய பட்டையைக் காட்டி "அதானே?" என்றாள். அதேதான்.

காலையில் கிளம்பும்போது பெரியவர் சொன்னதுதான் மனதில் நிற்கிறது: "அடுத்த தடவ வாங்கன்னு சொல்ல ஆசதான். ஆனா உங்களுக்குப் பாம்பு கீம்பு கடிச்சா கேஸ் என் மேலதான் வரும்." அவர் பயம் நியாயம். காட்டுக்குள் நாங்களாகப் போய்த் தங்கவும் முடியாது, 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். அது சரியான சட்டம்தான். ஆக, அமைதியாகத் தங்க நினைப்பவனுக்கு முறையான வழி இல்லை. சத்தத்தோடு தங்க மட்டும் காசு கொடுத்தால் இடம் இருக்கிறது. இதைத்தான் நீங்கள் மாற்ற வேண்டும் என்று கேட்கிறேன்.

நான் கேட்பது அநேகமாகச் செலவில்லாத ஒன்று. ஜவ்வாது மலையில், காப்புக்காட்டின் ஓரமாக, வனச் சோதனைச்சாவடிக்கோ வனக்காப்பாளர் குடியிருப்புக்கோ கூப்பிடு தூரத்தில், ஏற்கெனவே வெட்டவெளியாக இருக்கிற ஒரு சமதளம். கைவிட்ட பழைய நாற்றங்கால் இடம் மாதிரி. ஒரு மரம்கூட வெட்ட வேண்டியதில்லை. பத்துக் கூடாரம், அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் நடுவே இருபதடியாவது இடைவெளி. வாகனம் வெளியே, சாமானைத் தோளில் தூக்கிக்கொண்டு கால் கிலோமீட்டராவது நடந்துதான் வர வேண்டும். வளைவு, சிமெண்ட் பொம்மை, ஊஞ்சல், செல்ஃபி எடுக்கும் இடம், டைல்ஸ் பாதை எதுவும் தயவுசெய்து போடாதீர்கள். ஓர் இடம் நன்றாக ஓடினால் அடுத்த வருடம் நிதி ஒதுக்கிக் கட்டடம் எழுப்புவது வழக்கமாகிவிட்டது. அதனால்தான் இதை அரசாணையிலேயே எழுதி வைக்கச் சொல்கிறேன்: இந்த இடத்தில் நிரந்தரக் கட்டுமானம் கூடாது, மின் இணைப்பு கூடாது.

ஒரே விதிவிலக்கு கழிப்பறை. ஆண்களாக நாலு பேர் போனால் காட்டு ஓரம் ஒதுங்கிச் சமாளித்துவிடுவோம். கழிப்பறை இல்லாத முகாமுக்கு என் மனைவியும் மகளும் வரமாட்டார்கள், வரச் சொல்வதும் நியாயமில்லை. ஓடையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி, தண்ணீர் தேவைப்படாத, சாம்பலோ மரத்தூளோ போட்டு மூடுகிற குழிக் கழிப்பறை இரண்டு, உள்ளே சரியான தாழ்ப்பாளோடு. அவ்வளவு போதும்.

விளக்கு வேண்டாம் என்று அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதே மலையில்தான் காவலூர் வைனு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே 1986-லிருந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இருட்டான வானம் வேண்டும் என்றுதான் அந்த மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். மலை முழுக்கத் தனியார் முகாம்களும் ஃபோகஸ் லைட்டுகளும் பெருகினால் அந்த வானமும் எங்கள் பெரம்பூர் வானம் மாதிரி ஆகிவிடும். அரசே முன்னால் நின்று "இருட்டில்தான் தங்க வேண்டும், டார்ச் கூடச் சிவப்புத் தாள் ஒட்டித்தான்" என்று ஓர் இடத்தை நடத்திக் காட்டினால், மற்ற இடங்களையும் கேள்வி கேட்க உங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும்.

தீ விஷயத்தில் நான் உங்களை விடக் கறாராக இருக்கச் சொல்வேன். 2018 மார்ச் 11 குரங்கணிக் காட்டுத்தீயை யாரும் மறந்துவிடவில்லை. இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள், அதில் இங்கிருந்து போன சென்னைப் பிள்ளைகளும் உண்டு. அதன் பிறகு மலையேற்றத்துக்கு நீங்கள் கொண்டுவந்த கட்டுப்பாடுகள் எல்லாமே தேவையானவை. எனவே இந்த முகாமில் நெருப்பே கூடாது. விறகும் வேண்டாம், கையடக்க கேஸ் அடுப்பும் வேண்டாம், சிகரெட்டும் வேண்டாம். நாங்கள் புளிசாதமும் சப்பாத்தியும் கட்டிக்கொண்டு வருவோம். சூடாகச் சாப்பிட ஆசைப்படுபவர்களுக்கு அந்த ஊர் மகளிர் சுயஉதவிக் குழு தங்கள் அடுப்பில் சாமைச் சோறும் கொள்ளு ரசமும் வைத்து எடுத்து வந்து விற்கட்டும், அந்த வருமானம் அவர்களுக்கே போகட்டும். காட்டுத்தீ காலம் என்று பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மலையேற்றப் பாதைகளை மூடுகிறீர்களே, அப்போது இதையும் பூட்டிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை இடி மின்னலோடு அடிக்கும் நாட்களிலும் பூட்டுங்கள்.

எல்லா மலையிலும் இதைத் திறக்கச் சொல்லவில்லை. தமிழ்நாட்டின் ஐந்து புலிகள் காப்பகங்களுக்குள்ளும் வேண்டாம், யானை வழித்தடம் எதிலும் வேண்டாம். 2021 ஜனவரியில் வயநாட்டில் கூடாரத்தில் தங்கிய ஒரு பெண்ணை யானை தாக்கிக் கொன்றது உங்களுக்குத் தெரியும். ஜவ்வாது மலையிலும் கரடி, காட்டுப்பன்றி உண்டு. அதனால் சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைக்கவே கூடாது, எல்லோருடைய உணவுப் பையையும் ராத்திரி ஒரே இரும்புப் பெட்டியில் பூட்டி முகாமுக்கு வெளியே வைக்க வேண்டும் என்பது விதியாக இருக்கட்டும். அந்தப் பெட்டியை எங்கள் பட்டறையிலேயே செய்து தருகிறேன், காசு வேண்டாம்.

அப்புறம் உண்ணிக் காய்ச்சல். இதைப் பலர் லேசாக விடுகிறார்கள். புதர் ஓரப் புல்தரையில் அப்படியே படுத்தால் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி கடித்து, சிகரெட் சுட்ட மாதிரி ஒரு கருத்த பொருக்கு, சில நாள் கழித்துக் கடும் காய்ச்சல். சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண மாத்திரையில் குணமாகும், விட்டால் உயிருக்கே ஆபத்து. முன்பதிவுச் சீட்டிலேயே இரண்டு வரி அச்சடித்து, "மலையில் தங்கினேன் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்" என்று போட்டால் போதும். பாம்புக்கடி மருந்து பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பு இருக்கிறதா என்று சுகாதாரத் துறையோடு பேசி உறுதிப்படுத்திய பிறகே முகாமைத் திறக்க வேண்டும்.

குப்பைக்கு ஒரு நல்ல வழியை நம் அரசே காட்டியிருக்கிறது. நீலகிரியில் 2022-ல் மதுபாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தந்தார்கள். அதே மாதிரி கூடாரத்துக்கு 500 ரூபாய் முன்பணம் வாங்கி, உள்ளே போகும்போது பாக்கெட், பாட்டில், டப்பா எல்லாவற்றையும் எண்ணி எழுதி, திரும்பும்போது எண்ணிக்கை சரியாக இருந்தால் கொடுத்துவிடுங்கள். மது அறவே கூடாது. ஸ்பீக்கர் மட்டுமில்லை, போனில் சத்தமாகப் பாட்டு வைத்தாலும் வெளியே அனுப்புங்கள். ராத்திரி பத்து மணி முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்று நாடு முழுக்க விதி இருக்கிறது, இங்கே அது இருபத்துநாலு மணி நேரமும் இருக்கட்டும்.

கட்டணத்தை யோசித்து வையுங்கள். கூடாரத்துக்கு 300 ரூபாய்க்கு மேல் போனால் என்னைப் போன்றவர்கள் வர முடியாது. கூடாரம் இல்லாதவர்களுக்கு ஊர் இளைஞர்கள் வாடகைக்குத் தரலாம். 2024 அக்டோபரில் மலையேற்றத்துக்காக 40 பாதைகளைத் திறந்து, உள்ளூர் பழங்குடி இளைஞர்களையே வழிகாட்டிகளாக வைத்து, ஆன்லைனில் முன்பதிவும் கொடுத்தீர்கள். அது பகல் நடைக்கான ஏற்பாடு. அதே ஆட்கள், அதே இணையதளம், அதோடு ஓர் இரவைச் சேர்க்கத்தான் கேட்கிறேன்.

ஆனால் எதற்கும் முன்னால் அந்த ஊர் கிராமசபையில் கேளுங்கள். 2006 வன உரிமைச் சட்டம் வந்த பிறகு அவர்களைக் கேட்காமல் செய்வது முறையில்லை, சட்டம் இல்லாவிட்டாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். அவர்கள் மாடு மேய்க்கிற இடமாகவோ சாமி கும்பிடுகிற இடமாகவோ இருந்தால் வேறு இடம் பாருங்கள். வேண்டவே வேண்டாம் என்று சொன்னால் இந்த மனுவை அங்கேயே முடித்துவிடுங்கள், எனக்கு வருத்தம் இருக்கும், ஆனால் கோபம் இருக்காது. ஒப்புக்கொண்டால் இரவுக் காவலும் கட்டண வசூலும் கிராம வனக்குழு கையில் இருக்கட்டும்.

முதலில் ஒரே ஒரு பருவம் சோதனையாக நடத்திப் பாருங்கள்: டிசம்பர் கடைசி வாரம் தொடங்கி பிப்ரவரி 14 வரை, சனிக்கிழமை இரவுகள் மட்டும். ஏழெட்டு இரவுதான் வரும். சரிப்படவில்லை என்றால் மூடிவிடுங்கள், மூடுவதற்கு அங்கே கட்டடம் எதுவும் இருக்காது. இடத்தைத் தேர்ந்தெடுக்க உங்கள் வனச்சரகர் போகும் நாளில் சொன்னால் என் செலவிலேயே நானும் வருகிறேன். எங்கள் பட்டறையில் இன்னும் நாலு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கல் பொறுக்கித் தளத்தைச் சீர்செய்யத் தயாராக இருக்கிறோம்.

மனுவின் மீது எடுக்கும் நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். டிசம்பருக்கு முன்னால் பதில் வந்தால் மகளிடம் சொல்ல வசதியாக இருக்கும், தினமும் கேட்கிறாள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்
பெரம்பூர், சென்னை

நகல்: தமிழ்நாடு வன அனுபவக் கழகம், சென்னை.