பெற்றோர் ஓட்டத்தை மூன்று மாதம் முன்பே அறிவியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளின் விளையாட்டுப் போட்டிகளில் பெற்றோருக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் 100 மீட்டர் ஓட்டம் வைப்பது வழக்கமாகிவிட்டது. ஒலிபெருக்கியில் அழைத்த ஐந்தாவது நிமிடம் நாற்பதைத் தாண்டியவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கோட்டில் நிற்கிறார்கள். பாதித் தூரத்தில் யாராவது பின்தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஆச்சரியமில்லை. உடனே தைல போத்தலோடு நாலு பேர் ஓடுவார்கள். தசை கிழிந்த இடத்தை முதல் இரண்டு நாள் சூடேற்றி அழுத்தித் தேய்த்தால் உள்ளே இரத்தக்கசிவு கூடும். துணியில் சுற்றிய ஐஸ், மீள்பட்டைக் கட்டு, ஓய்வு இவையே போதும்.

ஆபத்து கூடுதலாக இருப்பது, பள்ளி நாளில் மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் ஓடியவர்களுக்குத்தான். எட்டு வைக்கும் முறை அவர்களுக்கு மறக்கவில்லை, பழைய வேகத்தை எட்டவும் தெரியும். அதைத் தாங்கும் தசைநாண்தான் (தசையை எலும்போடு பிணைக்கும் நார்) இப்போது இல்லை. விட்ட ஓட்டத்தைத் தொடங்கினால் ஐந்தாறு வாரத்தில் மூச்சு சீராகிவிடும். குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் உறுதிப்பட மூன்று மாதமாவது ஆகும். மூச்சு வாங்கவில்லையே என்று வேகத்தைக் கூட்டுவது இந்த இடைவெளியில்தான். கெண்டைக்கால் பிடித்துக்கொள்வதும் அப்போதுதான்.

ஆகவே முதல் நான்கு வாரம் வாரத்துக்கு மூன்று நாள், ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை என்று பத்து முறை. பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிற வேகம் போதும். அதே வாரங்களில் படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை வைத்து, இரண்டு காலால் எழும்பி, ஒற்றைக் காலால் மூன்று நொடியில் குதிகாலைக் கீழே இறக்குங்கள். 15 தடவை வீதம் மூன்று சுற்று. முழங்காலை நீட்டி ஒருமுறை, சற்று மடக்கி ஒருமுறை செய்ய வேண்டும். மடக்கினால்தான் கெண்டைக்காலின் அடியிலுள்ள தசைக்கு வேலை போகும். பலரும் விட்டுவிடுவது இந்த இரண்டாவதைத்தான்.

ஐந்தாம் வாரம் முதல் 20 நிமிடம் நிற்காத மெல்லோட்டம், அதன் முடிவில் 60 மீட்டர் நான்கு முறை, முழு வேகத்தில் முக்கால் பங்கு. ஒன்பதாம் வாரத்திலிருந்து வாரம் ஒரு நாள் 80 மீட்டர் ஆறு முறை, இடையில் மூன்று நிமிட ஓய்வு. முழு வேகம் கடைசி இரண்டு வாரத்தில் மட்டும், அதுவும் இரண்டு மூன்று ஓட்டம். ஒரே வாரத்தில் தூரத்தையும் வேகத்தையும் சேர்த்துக் கூட்டக் கூடாது. காலையெல்லாம் செம்பனைக் குலை அறுத்துவிட்டு வந்த கால் ஓய்வெடுத்த கால் அல்ல. வேக ஓட்டத்தை விடுமுறை நாளுக்குத் தள்ளிவையுங்கள்.

தோட்டத் திடலின் வளைவு குறுகலானது. எப்போதும் ஒரே திசையில் சுற்றினால் உட்பக்கக் காலுக்குச் சுமை கூடும். சுற்றுக்குச் சுற்று திசையை மாற்றுங்கள். ஆணிச் சப்பாத்தில் குதிகால் தாழ்ந்திருப்பதால் கெண்டைக்கால் அதிகம் இழுபடும். ஒன்பதாம் வாரத்துக்கு முன் அதை மாட்ட வேண்டாம். செயற்கை ஓடுதளத்துக்கு 6 மில்லிமீட்டர் ஆணி போதும், ஈரப் புல்லில் அது வழுக்கும்.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது தனி. இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ அட்டெனலோல், பிசோப்ரோலோல் எடுப்பவர்களுக்கு நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறாது. கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பாமல் மூச்சை வைத்து அளக்க வேண்டும். நீரிழிவுக்குக் கிளிக்லசைடு, இன்சுலின் எடுப்பவர்கள் ஓடும் முன் சர்க்கரையைப் பார்த்துவிட்டு, இனிப்பு எதையாவது கையோடு வைத்துக்கொள்ள வேண்டும். நெஞ்சு இறுக்கமோ தலைசுற்றலோ வந்திருந்தால் முதலில் கிளினிக், இ.சி.ஜி., பிறகுதான் திடல்.

உலக மூத்தோர் திடல்தட விதிப்படி 35 வயதிலிருந்து ஐந்தைந்து ஆண்டுப் பிரிவாக ஓடலாம். அங்கே போக நினைப்பவர்களுக்கு ஒன்று: இன்சுலினும், சில இரத்த அழுத்த மாத்திரைகளில் கலந்துள்ள ஹைட்ரோகுளோரோதையசைடும் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் உள்ளவை. அதற்காக மருந்தை நிறுத்திவிடாதீர்கள். மருத்துவச் சான்றோடு விலக்குக் கேட்க வழியுண்டு.

பள்ளி ஏற்பாட்டுக் குழுவினரே, பெயர்ப் பதிவை மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். நிகழ்ச்சி நிரலின் கடைசியில், மதியச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்த பிறகு நடக்கும் இந்த ஓட்டத்தைக் காலை ஒன்பது மணிக்கு முன் வையுங்கள். அழைப்புக்கு முன் உடல் சூடேற்ற 25 நிமிடம் கொடுங்கள். மூத்தோர் போட்டியில் குனிந்து புறப்பட வேண்டிய கட்டாயமில்லை. நின்றபடியே புறப்படலாம் என்று துப்பாக்கி பிடிக்கும் ஆசிரியரிடம் சொல்லிவையுங்கள். முன்னறிவிப்புக்கு வழியில்லையென்றால் பெற்றோருக்கு எலுமிச்சை–கரண்டி ஓட்டமே போதும்.

திடல்தடப் பயிற்றுநர்,
சுங்கை சிப்புட், பேராக்