ஊர் கூடி வரைந்த படம் ஊருக்கே கிடைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களையும் குடியிருப்போர் நலச் சங்கத்தினரையும் கொண்டு தெரு, வடிகால், ரேஷன் கடை, நிவாரண முகாம் முதலியவற்றைக் கைப்பேசி வரைபடத்தில் பதிய வைப்பது நல்ல வேலை. அப்படி ஒரு முகாம் நடத்த எண்ணும் கல்லூரியும் உள்ளாட்சியும் முதல் நாளுக்கு முன்பே ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும்: பதிந்த தரவு முழுவதையும் நாளை கோப்பாக வெளியே எடுக்க முடியுமா? திரையில் தெரிகிறதே என்று பலர் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். திரையில் தெரிவதை வைத்து எந்தத் தெரு எந்த வடிகாலுக்குள் வடிகிறது என்று கணக்குப் போட முடியாது.

இதில் ஏற்கெனவே பட்ட அனுபவம் உண்டு. பொதுமக்களே வரைபடத்தில் பதிய உதவிய கூகுள் மேப் மேக்கர் 2008-இல் வந்தது. இந்தியாவில் ஏராளமானோர் தங்கள் ஊர்ச் சாலைகளையும் கோயில், பள்ளி, கடைகளையும் அதில் பதிந்தார்கள். பதிபவர் தன் பதிவைப் பயன்படுத்த நிரந்தரமான, திரும்பப் பெற முடியாத உரிமையை அந்நிறுவனத்துக்குத் தர வேண்டும் என்பது விதிமுறை. 2017 மார்ச் 31-இல் சேவை மூடப்பட்டது. உழைப்பு கூகுள் மேப்ஸில் கலந்துவிட்டது. தெருக்கோடுகளை ஊர்க்காரர்கள் தரவாக எடுத்து வேறு வேலைக்குப் பயன்படுத்த வழி கிடைக்கவில்லை. இஸ்ரேலில் 2006-இல் ஃப்ரீமேப் என்ற பெயரில் ஓட்டுநர்கள் கூடி உருவாக்கிய வரைபடம் 2008-இல் ஒரு நிறுவனமானது. அதுதான் வேஸ். 2013-இல் சுமார் 100 கோடி டாலருக்குக் கூகுள் அதை வாங்கியது.

விலையும் நம் கையில் இருக்காது. 2018 ஜூலையில் கூகுள் மேப்ஸ் தன் கட்டண முறையை மாற்றியபோது, இணையப் பக்கத்தில் வரைபடத்தை ஆயிரம் முறை காட்ட 50 சென்ட்டாக இருந்த கட்டணம் 7 டாலரானது. நாள்தோறும் 25,000 முறை இலவசம் என்றிருந்தது மாதத்துக்கு 200 டாலர் சலுகையாகச் சுருங்கியது. இந்தியாவில் 2024 ஆகஸ்டில் கட்டணம் குறைக்கப்பட்டது உண்மை. ஏற்றியதும் குறைத்ததும் அவர்கள் முடிவு.

வெளியே எடுக்கக்கூடிய தரவுக்கும் எடுக்க முடியாத தரவுக்கும் உள்ள வேறுபாடு ஆபத்துக் காலத்தில்தான் சுடும். 2010 ஜனவரி 12-இல் ஹைட்டியில் நிலநடுக்கம் வந்தபோது உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துப் போர்ட்-ஓ-பிரின்ஸ் நகரத் தெருக்களை, யாரும் வரையவும் தரவை எடுக்கவும் கூடிய திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சில நாட்களில் வரைந்தார்கள். மீட்புக் குழுக்கள் அதை இறக்கித் தங்கள் கார்மின் ஜிபிஎஸ் கருவிகளில் ஏற்றிக்கொண்டன. அதே நேரத்தில் மேப் மேக்கரிலும் ஆட்கள் அதே நகரத்தை வரைந்துகொண்டிருந்தார்கள். கூகுள் அந்தத் தரவை ஐ.நா. அமைப்புகளுக்குக் கொடுத்தது, ஆனால் இரண்டையும் ஒன்றாக்க உரிமம் இடம் தரவில்லை. நெருக்கடி நேரத்தில் ஒரே தெருவை இரண்டு முறை வரைந்தார்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைவாசிகள் தங்கள் தெருவைத் தொட்டு ‘இங்கே தண்ணீர் நிற்கிறது’ என்று குறித்த வரைபடம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் மேல் கட்டப்பட்டது. ஒவ்வொரு தெருவும் அங்கே தனித்தனிக் கோடாக, எவரும் எடுக்கக்கூடிய தரவாக இருந்ததால்தான் தெருவையே தொட்டுக் குறிக்க முடிந்தது. மூடிய வரைபடத்தின் மேல் ஊசி குத்தலாம், கோடு நமக்குக் கிடைக்காது.

முகாம் நடத்துவோர் வரிசையை இப்படி வைத்துக்கொள்ளலாம். முதலில் கைக்குறிப்பு, சொந்தப் புகைப்படம், சொந்த ஜிபிஎஸ் தடம் (நடந்த வழியைக் கைப்பேசி பதிந்துகொண்டது). இவை உங்களுடையவை, பத்திரப்படுத்துங்கள். அவற்றைக் கொண்டு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பதியுங்கள். அதன்பின் அதே குறிப்பை வைத்துக் கூகுளிலும் பதியலாம், தவறில்லை. தலைகீழாகச் செய்யக் கூடாது. கூகுள் மேப்ஸையோ ஸ்ட்ரீட் வியூவையோ பார்த்து ஒரு தெருப் பெயரை எடுத்தால்கூட ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்க்க அனுமதி இல்லை. மாணவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்: பெயர்ப்பலகை மறைந்திருக்கும், சந்தேகம் வரும், உடனே கைப்பேசியில் பார்த்து எழுதிவிடுவார்கள். கண்டுபிடிக்கப்பட்டால் அந்தப் பதிவுத் தொகுதியே நீக்கப்படலாம். பெயர் தெரியாவிட்டால் வெறுமையாக விட்டுவிட்டு, அடுத்த முறை அந்தத் தெருவில் குடியிருப்பவரிடம் கேட்டு நிரப்புங்கள்.

பின்னணிக்கு உரிமம் உள்ள செயற்கைக்கோள் படத்தையே பயன்படுத்த வேண்டும். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2010 முதல் தன் பிங் படத்தைப் பார்த்து வரைய அனுமதித்திருக்கிறது. எஸ்ரி என்ற வரைபட மென்பொருள் நிறுவனத்தின் படத்துக்கும் அனுமதி உண்டு. இந்தப் படங்கள் இருக்க வேண்டிய இடத்திலிருந்து சில மீட்டர் விலகியிருக்கும். மலைப்பகுதியில் விலகல் இன்னும் கூடும், ஒரே சரிவின் மேலும் கீழும் வேறுபடும். புதிதாக வருபவர் படத்துக்கு ஏற்ப ஏற்கெனவே வரைந்த தெருக்களை எல்லாம் இழுத்து நகர்த்திவிடுவார். நகர்த்த வேண்டியது படத்தை. பலர் பதிவேற்றிய ஜிபிஎஸ் தடங்களை மேலே போட்டு, அவற்றின் நடுவே சாலை வரும்படி படத்தைச் சரிசெய்துவிட்டு வரையத் தொடங்க வேண்டும். ஒற்றைத் தடத்தை நம்பக் கூடாது. மாடிக் கட்டடங்கள் நெருங்கிய சந்தில் கைப்பேசி காட்டும் இடம் எதிர்த் தெருவுக்கே போய்விடும்.

வடிகாலைப் பதிவதில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். தண்ணீர் ஓடும் திசையிலேயே கோட்டை இழுக்க வேண்டும். திசையை மென்பொருள் கோட்டின் தொடக்க, முடிவுப் புள்ளிகளிலிருந்துதான் அறிகிறது. சாலைக்கு அடியில் போகும் இடத்தில் கோட்டை இரண்டு முனையிலும் வெட்டி, நடுத்துண்டை மட்டும் சிறுபாலம் (கல்வெர்ட்) என்று குறித்து, அடுக்கு எண்ணை −1 (சாலைக்குக் கீழே) என்று தர வேண்டும். சாலையும் வடிகாலும் ஒரு புள்ளியைப் பகிர்ந்துகொண்டால் வடிகால் சாலையின் மேலேயே குறுக்கிடுவதாகத் தரவு சொல்லும். கண்ணுக்குப் படம் சரியாகத்தான் தெரியும், வெள்ளக் கணிப்பில் போட்டால் பிழை வெடிக்கும். பகிர்ந்த புள்ளியும் இல்லாமல், அடுக்கும் குறிக்காமல் இரண்டு கோடுகள் குறுக்கிட்டால், கணினியில் வரையப் பயன்படும் ஜேஓஎஸ்எம் செயலியின் சரிபார்ப்பு வசதி அதைப் பதிவேற்றும் முன்பே காட்டிவிடும்.

தமிழ்ப் பெயருக்குத் தனிக் கட்டம் இருக்கிறது. தமிழையும் ஆங்கிலத்தையும் சாய்கோடு போட்டு ஒரே கட்டத்தில் திணித்தால் தேடலில் இரண்டுமே சிக்காமல் போகலாம். மாணவர் ஒவ்வொருவரும் தனிக் கணக்கில் பதிய வேண்டும். கல்லூரிக்கு ஒரே கணக்கு வைத்தால் பிழை செய்தவரைத் தேடிச் சொல்லிக்கொடுக்க முடியாது. குழுவாகச் செய்யும் பணியை முன்கூட்டியே மற்ற பங்களிப்பாளர்களுக்கு அறிவிப்பதும் அங்குள்ள வழிகாட்டுதல்.

திறந்த வரைபடம் குறையற்றது என்று சொல்லவில்லை. கடை திறந்திருக்கும் நேரம், கதவு எண் தேடல், போக்குவரத்து நெரிசல் ஆகியவற்றில் கூகுள் வெகுவாக முந்தி நிற்கிறது. பல கிராமங்களில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நெடுஞ்சாலை தாண்டி ஒன்றும் இருக்காது. விஷமப் பதிவும் வரும். பழைய நிலை அப்படியே சேமிப்பில் இருப்பதால் மீட்டுவிடலாம், ஆனால் மீட்க உள்ளூரில் கண்காணிப்பவர் வேண்டும்.

உரிமத்தைப் பற்றிய ஒரு பயத்தையும் போக்க வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவு 2012 செப்டம்பர் முதல் ஓடிபிஎல் என்ற உரிமத்தில் இருக்கிறது. அந்த மாற்றத்துக்குச் சம்மதிக்காதவர்களின் பதிவுகளை நீக்கிவிட்டுத்தான் மாறினார்கள். இதைப் பயன்படுத்தினால் அலுவலகத் தகவல் எல்லாவற்றையும் வெளியிட வேண்டும் என்று அதிகாரிகள் தயங்குவது தேவையற்றது. அச்சிட்ட வரைபடத்துக்கு ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்’ என்று குறிப்பிட்டு, தரவு ஓடிபிஎல் உரிமத்தில் இருப்பதையும் தெரிவித்தால் போதும். அலுவலகத்துக்குள் மட்டும் பயன்படுத்தினால் எதையும் வெளியிடும் கடமை இல்லை. அந்தத் தரவையே திருத்திப் பொதுப் பயன்பாட்டுக்கு விடும்போதுதான், திருத்திய தரவை அதே உரிமத்தில் தர வேண்டும்.

உள்ளாட்சிகளிடம் கேட்பது இதுதான். மழைநீர் வடிகால் வரைபடம், வார்டு எல்லை, நிவாரண மையப் பட்டியல் ஆகியவற்றை பிடிஎஃப் படமாக வெளியிடாமல், கோடுகளையும் எல்லைகளையும் தரவாகவே வைத்திருக்கும் ஷேப்ஃபைல் அல்லது ஜியோஜேசன் கோப்பாக, அளவெடுத்த தேதியுடன் வெளியிடுங்கள். மத்திய அரசு 2017-இல் அறிவித்த அரசு திறந்த தரவு உரிமம் தயாராக இருக்கிறது. அதன் பெயரைக் கோப்போடு ஒரு வரியில் எழுதுங்கள். உரிமம் எழுதப்படாத கோப்பைத் தன்னார்வலர்கள் தொட முடியாது. ‘வணிகப் பயன்பாட்டுக்கு அன்று’ என்ற நிபந்தனை சேர்த்தாலும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்குள் கொண்டுவர முடியாது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். கோப்புகள் ஆகஸ்டுக்குள் கிடைத்தால் களத்தில் சரிபார்க்க ஒரு மாதமாவது இருக்கும்.

இப்படிக்கு,
வரைபடத் தன்னார்வலர் ஒருவர்,
சென்னை