கத்தரி வேண்டாம்

காரைக்குடி

அன்புள்ள உமையாள்,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள். சின்னவளுக்குப் பரீட்சை முடிந்ததா? ஏன் இத்தனை நாள் ஒரு வரிகூட இல்லை என்று ஆரம்பிக்காதே. போனில் சொன்னால் பாதியிலேயே சிரிப்பாய். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

குயில்ட் ஃப்ரேம், அதுதான் பஞ்சு வைத்த போர்வை தைக்கிற சட்டம், வந்து இறங்கிவிட்டது. இரண்டாங்கட்டில் பத்தடி நீளத்துக்கு நிற்கிறது. பெரியவன் அமெரிக்காவில் வீட்டைக் காலி செய்தபோது, மருமகள் தட்டுமுட்டுச் சாமானோடு இதையும் கப்பலில் ஏற்றிவிட்டாள். தையல் மெஷினை மட்டும் அங்கேயே விற்றுவிட்டாள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. கொண்டுவந்து என்ன செய்ய? ஆகவே என் பழைய மெஷினையே ஏற்றியிருக்கிறேன். இது சரிப்பட்டு வராது என்று அங்கே நீ முணுமுணுப்பது கேட்கிறது. சரிப்பட்டு வந்துவிட்டது, போ.

விஷயம் இதுதான். துணியை நகர்த்தித் தைக்கிற வேலை இதில் இல்லை. துணி உருளைகளில் இழுத்துக் கட்டி நிற்கும். மெஷின்தான் அதன்மேல் ஓடும். கீழ் வண்டி நீளவாக்கில் போகும், அதன்மேல் இருக்கிற இன்னொரு வண்டி முன்னும் பின்னும் போகும். மெஷினில் துணியைத் தள்ளுகிற பல்லைக் கீழே இறக்கிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே இழுக்க வேண்டியதுதான். தரையில் மேல்துணி, பஞ்சு, அடித்துணி என்று மூன்று அடுக்கையும் விரித்து, முட்டி போட்டு நகர்ந்து நகர்ந்து நூல் ஓட்டுவோமே, அது அறவே கிடையாது. என் முட்டி உனக்குத் தெரியும்.

ஆனால் பூட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆசாரி ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். தரை போட்டவர்கள் வளவு முற்றத்துப் பக்கம் தண்ணீர் ஓடட்டும் என்று வாட்டம் விட்டிருக்கிறார்கள். கையை எடுத்தால் மெஷின் தானாக உருண்டு தூணைப் பார்க்கப் போகிறது. கால்களுக்கு அடியில் தேக்குச் சில்லு செருகிச் செருகி ஒருவழியாக நிறுத்தினார். அப்புறம் உருளைகளில் காடாத் துணி கட்டி, நடுவில் பென்சிலால் கோடு போட்டு, துணியின் நடுவை அந்தக் கோட்டுக்கு நேராக வைத்து ஊக்குக் குத்த வேண்டும். அரை அங்குலம் விலகினாலும் சுருட்டச் சுருட்டக் கோணும்.

துணியை எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் சூட்சுமம். ரொம்ப இறுக்கினால் தையல் விட்டு விட்டு விழுகிறது. கீழிருந்து விரலை நீட்டினால் மேலே இருக்கிற கை அந்த விரலைத் துணியோடு சேர்த்துப் பிடிக்க முடிய வேண்டும், அவ்வளவுதான் இறுக்கம். தையல் நீளமும் நம் கையில்தான். கை மெதுவாகப் போனால் பொடிப்பொடியாக விழும், அவசரப்பட்டால் பல்லிளிக்கும். வண்டி போகும் வேகத்தைப் பார்த்து மோட்டாரை ஓட்டுகிற ஒரு கருவி உண்டாம். அதுவும் மெஷினோடு போய்விட்டது.

இடம்தான் குறை. என் மெஷினில் ஊசிக்கும் கழுத்துக்கும் நடுவே ஏழு அங்குலம். தைத்து முடித்த சுருளும் அதற்குள்ளேதான் உட்கார வேண்டும். பாதிக்கு மேல் போனால் நாலு அங்குலம் மிஞ்சினால் பெரிது. இதற்கென்றே பதினெட்டு அங்குலக் கழுத்தோடு மெஷின்கள் இருக்கின்றன. விலையை அவரிடம் சொன்னேன். "வேகிற ஊரில் ரஜாய் தைக்க இது வேறயா?" என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

இப்போது என் கவலைக்கு வருகிறேன். முன்னோருக்குப் போடுகிற படைப்புக்குப் பங்காளிகள் மொத்தமும் வருகிறார்கள். இரண்டாங்கட்டில் இலை போட வேண்டும். ஃப்ரேமைக் கழற்றினால் ரசமட்டம், சில்லு, ஆசாரி எல்லாம் முதலிலிருந்து. நம் வீட்டு அறைகளைத்தான் பார்த்திருக்கிறாயே, இத்தனை பெரிய வீட்டில் பத்தடியை நுழைக்க ஓர் அறை கிடையாது. பெரிய ஆச்சி காதுக்குப் போனால், "பொது இடத்தில் தறி போட்டுவிட்டாளா?" என்பார்கள்.

ராத்திரி தூக்கம் வராமல் யோசித்ததில்தான் தோன்றியது. அந்தக் கம்பிகள் துண்டு துண்டாக இணைப்பவை. நடுத்துண்டை எடுத்துவிட்டால் ஐந்தடியில் நிற்கும், என் அறைக்குள்ளேயே அடங்கும். ஐந்தடியில் என்ன தைப்பது என்கிறாயா? கண்டாங்கி, நம் ஊர்க் கட்டம் போட்ட பருத்திப் புடவை. புடவை அகலம் நாலடிதானே! நீளம் எவ்வளவு இருந்தாலும் உருளையில் சுருண்டுகொள்ளும்.

இதிலே ஒரு அழகு பார். புடவையை நடுவில் மடித்து, அந்த மடிப்பை முன் உருளையில் ஊக்குப் போட்டு, மேல் பாதியை ஓர் உருளையிலும் கீழ்ப் பாதியை இன்னொன்றிலும் கட்டி, நடுவே மெல்லிய பஞ்சு ஷீட்டை விட்டால் கத்தரியே வேண்டாம். பக்கவாட்டில் கிளாம்ப் பிடிக்க, கீழ்ப் பாதியின் கரை இரண்டிலும் காடாப் பட்டை ஒட்டித் தைத்து, பிறகு பிரித்துவிடலாம். நேர்கோடு மட்டும் வேண்டாம். கட்டத்தின்மேல் என் கை நெளிந்தால் ஊருக்கே தெரியும். அலை அலையாகப் போட்டுவிடலாம்.

அப்பத்தா புடவையில் போட்டுப் பார்த்துவிட்டேன், நன்றாக வந்திருக்கிறது. உமையா, உன் ஆத்தாவின் அரக்குக் கண்டாங்கியைப் பற்றித்தான் இத்தனையும் எழுதுகிறேன். வெட்ட மனசு வரவில்லை, கட்டவும் முடியவில்லை என்று அன்றைக்கு அழுதாய். பெட்டியில் அப்படியே கிடந்தால் மடிப்பு மடிப்பாகக் கிழியும். பழைய பருத்திக்கு அதுதான் கதி. 2019இல் நம் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு வந்தபோது, ஆத்தா அதைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்ற போட்டோ என்னிடம் இருக்கிறது. என்னை நம்பி அனுப்பு என்று கேட்க மாட்டேன். நீயே கொண்டு வா, பக்கத்தில் நின்று நீயே கைப்பிடியைப் பிடி. மனசு இல்லையென்றால் பெட்டியோடு திரும்பிப் போ, நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.

படைப்பு முடிந்த மறுவாரம் வந்தால் வசதி. வரும்போது பதினாலாம் நம்பர் ஊசி இரண்டு பாக்கெட்டும், பெரிய கோன் நூலில் அரக்கு நிறமும் வாங்கி வா. இங்கே கிடைக்கிற அரக்கு பார்க்க மெரூன் மாதிரி இருக்கிறது. அண்ணனுக்கு என் விசாரிப்பைச் சொல்.

உன்,
மெய்யம்மை